டால்டன் மேப்ரியின் இடது பக்கம்

டால்டன் மேப்ரியை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. "அந்தப் பய இப்ப என்ன பண்றான்?" என்பார்கள். எந்தப் பயல் என்று திருப்பிக் கேட்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். பெரும்பாலும் என்னிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்புவேன். தெரியும். எல்லாம் தெரியும். சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் லொவெல் ஸ்டாம்பர். அலபாமாவின் வடக்கு மூலையில் டன்மோர் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் பல்கலைக்கழகம், சுற்றிலும் கோழிப் பண்ணைகள். பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுவது என் பிழைப்பு. டால்டனின் அம்மா பாலெட், கோழி ஆலையில் தொடைக்கறி பிரிக்கிற வரிசையில் நிற்பவள். அப்பா கடலில் எண்ணெய் எடுக்கப் போனார்; போனவர் போனவர்தான். பாலெட்டுக்கு மாலை ஷிஃப்ட் என்பதால் பையனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவி டார்லீன் எங்கள் மகன் கோல்பிக்கு ஒரு தட்டு வைத்தால் பக்கத்தில் இன்னொரு தட்டும் வைப்பாள். நீல விளிம்பு போட்ட தட்டு. அது டால்டனின் தட்டு என்று வேறு யாரும் தொடமாட்டார்கள்.

அவனுக்குச் சின்ன வயதிலேயே வாய்க்கொழுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனார். இவன் எழுந்து, "பாஸ்டர், கடவுளுக்கு அப்பவே புரிஞ்சிருச்சு, விட்ருங்க" என்றான். பாலெட் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். சபை முழுக்கச் சிரித்தது. அந்தச் சபை பிற்பாடு என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. கைக்கும் தலைக்கும்தான் வேலை. தலை என்றால் முட்டுவதற்கு. குவாட்டர்பேக் என்பவன் பந்தை வாங்கி, தூரத்தில் ஓடுகிறவனைப் பார்த்து எறிகிறவன். ஊர் கொண்டாடுவது அவனைத்தான். வலது கைக்காரன் எறியத் திரும்பினால் அவனுடைய இடது பக்கம் அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து மாடு மாதிரி ஒருத்தன் ஓடிவந்து மோதினால் முதுகு போய்விடும். அதனால் அங்கே ஒரு காவல்காரனை நிறுத்துவார்கள். எவன் வந்தாலும் நெஞ்சில் வாங்கித் தடுக்க வேண்டும். பந்து குவாட்டர்பேக்கின் கையை விட்டுப் போகிறவரைக்கும் நகரக் கூடாது. டால்டன் குவாட்டர்பேக். அவனுக்கு இடது பக்கம் என் மகன் கோல்பி. சின்னப் பிள்ளைகள் அணியில் ஆரம்பித்த ஜோடி, உள்ளூர்ப் பள்ளியைத் தாண்டிப் பல்கலைக்கழகம் வரைக்கும் போனது.

பல்கலைக்கழக அணிக்குப் போனபிறகு டால்டனின் வாய் இன்னும் நீண்டது. பக்கத்து ஊர்ப் பெரிய அணியோடு ஆட்டம். நிருபர்கள் மைக்கை நீட்டினார்கள். "அவங்க ஊர்ல பாக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, எங்க ஊருக்கு வர்ற ரோடு" என்றான். மாநிலமே கொதித்தது. தொலைக்காட்சியில் தலை நரைத்தவர்கள் உட்கார்ந்து இவனுக்கு அடக்கம் போதாது என்று மணிக்கணக்கில் பேசினார்கள். ஆனால் அந்த ஆட்டத்தை ஜெயித்துக் காட்டினான். டன்மோரில் அந்த வாசகத்தைச் சட்டையில் அடித்து விற்றார்கள். பார்பெக்யூ கடையில் பன்றிக்கறியில் இரண்டு மடங்கு சாஸ் ஊற்றி 'டால்டன் தட்டு' என்று ஒரு பதார்த்தமே வந்தது. ஜெயிக்கிறவனின் திமிரை இந்த ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடும்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் சீசன் தொடங்குவதற்கு முன்னால் பையன்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஞாபகப் பரீட்சை வைப்பார்கள். படங்களைக் காட்டி மறைப்பார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். கடைசி வருஷம் பரீட்சை முடிந்த அன்றைக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டில் வறுத்த கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோல்பி சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.

"அப்பா, அந்தக் கம்ப்யூட்டர் என்னய ஒரு மூணாங்கிளாஸ் பையன்னு நினைச்சிட்டிருக்கு."

"ஏன்டா, அவ்ளோ மோசமாவா எழுதின?"

"வேணும்னேதான் எழுதினேன். ஆட்டத்துல தலைல அடிபட்டா மறுபடி இதே டெஸ்ட் வைப்பாங்க. இன்னிக்கு எடுத்த மார்க்கோட வச்சுப் பாப்பாங்க. இன்னிக்கே கம்மியா எடுத்துட்டா அப்புறம் எவ்ளோ கொழம்பினாலும், இவன் எப்பவும் இப்படித்தான்னு உள்ள அனுப்பிருவாங்க. இல்லன்னா பெஞ்சுல ஒக்கார வச்சிருவாங்கப்பா. என் எடத்த வேற எவனாவது புடிச்சிப்பான்."

"இத யாரு சொல்லிக்குடுத்தா?"

டால்டன் எலும்பை உயர்த்திக் காட்டினான். "நான்தான் சார். எனக்கு முதல் வருஷம் கோச் சொல்லிக்குடுத்தாரு. இப்ப புதுசா வர்ற பசங்களுக்கு நான் டியூஷன் எடுக்கறேன்."

"இவனுக்கு மட்டும் டியூஷன் தேவப்பட்டிருக்காதே" என்று டார்லீன் கோல்பியின் மண்டையைத் தட்டினாள். எல்லோரும் சிரித்தோம். ஊரில் எல்லா வீட்டிலும் பையன்கள் இதைச் சொல்லியிருப்பார்கள். எல்லா வீட்டிலும் சிரித்திருப்பார்கள்.

கோச்சின் பெயர் ஹாலிஸ் பெண்டர். ஊரில் மேயரைவிடப் பெரிய ஆள். சர்ச்சில் முதல் வரிசை அவருக்கு.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆட்டம். இரண்டாவது பாதியில் கோல்பி ஒருத்தனைத் தடுக்கும்போது தலையும் தலையும் மோதின. விழுந்தான், எழுந்தான், நேராக நடந்துபோய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஓரத்தில் கூடாரத்துக்குள் கூட்டிப்போய் அந்தப் பரீட்சையை வைத்தார்கள். ஆகஸ்டில் எடுத்த மார்க்கும் இதுவும் ஒன்று. பாஸ்.

அடுத்து நடந்ததை டால்டன்தான் பிற்பாடு நடந்த விசாரணையில் சொன்னான். அவன் கோச்சிடம் போனான். "கோச், அவன் சரியில்ல. தன்னோட வண்டிய எங்க நிறுத்தினேன்னு என்கிட்ட கேக்கறான். இங்க என்ன ஆட்டம் நடக்குதுன்னே அவனுக்குத் தெரியல."

"டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டான்."

"அந்த டெஸ்ட் எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா. அதுக்குத்தான அத சொல்லிக்குடுத்தேன். ஹெல்மெட்ட மாட்டச் சொல்லு அவன."

ஆட்டத்தின் கடைசிக் கால் பாகத்தில் கோல்பி மறுபடி விழுந்தான். இந்தத் தடவை எழவில்லை. மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள். பிழைத்தான். காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுவான். வெளிச்சம் ஆகாது என்பதால் வீட்டில் திரைச்சீலைகள் எப்போதும் மூடியிருக்கும். சட்டைப் பொத்தானை டார்லீன் போட்டுவிடுவாள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. அந்தச் சனிக்கிழமை மட்டும் அவன் தலைக்குள் முடியவே இல்லை. யார் வந்தாலும், "அன்னிக்கு ஜெயிச்சமா?" என்று கேட்பான். ஜெயித்தோம் என்று சொல்வோம். உண்மையாகவே ஜெயித்திருந்தார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. அணியில் ஒருத்தன் விடாமல் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒருத்தன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தானாம், ஒருத்தன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தானாம். கோல்பியோடு நின்று ஆடிய அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துக் கண்ணும் காதும் இல்லாமல் போய்விட்டது. டால்டன் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். பரீட்சையில் ஏமாற்ற மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. "ஆனா அது கோச்சுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவன உள்ள அனுப்பினாரு" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் கோச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிரந்தரமாகவா இல்லையா என்பதை ஜூன் மாதம் ஒரு குழு கூடித் தீர்மானிப்பதாக ஏற்பாடு.

கோச் இல்லாத அணி மிச்ச ஆட்டங்களில் எல்லாம் தோற்றது. ஊர் தலைகீழாகத் திரும்பியது. டால்டன் தட்டு பெயர் மாறி ஹாலிஸ் தட்டு ஆனது. அதே பன்றிக்கறி, அதே சாஸ். பாலெட்டின் வீட்டுச் சுவரில் துரோகி என்று எழுதினார்கள். சர்ச்சில் அவள் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். கடவுளுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் சொன்னதற்குச் சிரித்த அதே சபைதான்.

எங்களுக்கு மட்டும் குறைவே இல்லை. கோழியும் சீஸும் போட்டுச் சுட்ட பாத்திரங்கள் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டே இருந்தன. டார்லீனின் கையைப் பிடித்து, "கோல்பிக்காகவும் ஜெபம் பண்றோம், கோச்சுக்காகவும் பண்றோம்" என்பார்கள். பிள்ளையின் மண்டையை உடைத்தவனுக்கும் உடைந்த பிள்ளைக்கும் ஒரே மூச்சில் ஜெபம். டார்லீன் ஒருநாள் ஒருத்தியிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்களுக்கு வேணாம்மா, பாலெட் வீட்டுக்குக் கொண்டு போ" என்றாள். வந்தவள் அந்தப் பக்கம் போகவில்லை. தன் வீட்டுக்கே கொண்டுபோய்த் தின்றிருப்பாள்.

டால்டன் வாரம் தவறாமல் வருவான். அவன் அடுக்களைக்குள் வந்து நின்றதும் கோல்பி நாற்காலியை விட்டு எழுந்து, அவனுடைய இடது பக்கம் போய் நின்றுகொள்வான். யாரும் சொல்லித்தரவில்லை. தன் பெயரே சில நாள் நினைவுக்கு வராதவனுக்கு அது மட்டும் மறக்கவில்லை. டால்டன் தண்ணீர் எடுக்கக் குழாய்ப் பக்கம் போனால் இவனும் போவான். முதல் தடவை பார்த்தபோது டார்லீன் வெளியே போய் அழுதாள். அப்புறம் பழகிவிட்டது.

"அன்னிக்கு ஜெயிச்சமாடா?" என்பான் கோல்பி.

"ஜெயிச்சோம்டா. உன்னாலதான் ஜெயிச்சோம்."

ஏப்ரல் வந்தது. தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கிற மூன்று நாள். அதற்குள் பல அணிகளின் ஆட்கள் வந்து டால்டனின் கையை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லோரும் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றுதானாம். "எங்க கோச்சப் பத்தியும் ஒருநாள் இப்படிச் சொல்லுவியா?" அவன் வாய் சும்மா இருக்குமா? "உங்க கோச் என்ன பண்றாருங்கறதப் பொறுத்தது" என்று சொல்லியிருக்கிறான். அவனுடைய ஏஜென்ட் லைல் என்பவன் தலையில் அடித்துக்கொண்டானாம்.

எங்கள் பக்கத்தில் பையன் பெயர் கூப்பிடப்படும் என்றால் வீட்டில் விருந்து வைப்பார்கள், ஊரே வந்து தொலைக்காட்சி முன்னால் உட்காரும். பாலெட் பைத்தியக்காரி, அதற்கு ஏற்பாடு செய்தாள். பன்றித்தொடை இரண்டு, உருளைக்கிழங்கு சாலட், வாழைப்பழப் புட்டிங். சவ அடக்கம் செய்கிற கடையிலிருந்து மடக்கு நாற்காலிகள் இரவல் வாங்கிப் புல்வெளியில் போட்டிருந்தாள். நானும் டார்லீனும் கோல்பியும் போனோம். வேறு ஒருத்தரும் வரவில்லை. ரோட்டில் போன கார்கள் வேகத்தைக் குறைத்து, நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போயின.

"இன்னும் வருவாங்க. வேல முடிஞ்சு வருவாங்க" என்று பாலெட் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் சொன்னாள். மூன்று நாளும் பெயர்கள் கூப்பிடப்பட்டன. டால்டனைவிட மட்டமாக எறிகிறவர்கள், டால்டன் தோற்கடித்தவர்கள், ஒருத்தன் பெண்ணை அடித்ததற்குப் போலீஸ் வரைக்கும் போனவன். டால்டன் பெயர் வரவே இல்லை. கோல்பி மட்டும் சந்தோஷமாகப் புட்டிங் தின்றான், டால்டனின் இடது பக்கம் நின்றபடி.

பொறுக்கி முடித்ததும், எடுபடாதவர்களை அணிகள் நேரடியாகத் தொலைபேசியில் கூப்பிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு டால்டன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நீலத் தட்டு வைத்தாயிற்று. அவன் கையை வைக்கவில்லை.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"முதல்ல சாப்பிடு" என்றாள் டார்லீன். "வாயில கோழி இருக்கறப்ப யாருக்கும் பொய் வராது."

அவன் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்தது.

"மூணு எடத்துல கூப்பிடறாங்க. ஃப்ளோரிடாவுல ஒரு சின்ன லீக். குவாட்டர்பேக்கா வேணாமாம், வேகமா ஓடறேன்ல, பந்து புடிக்கற ஆளா வரச் சொல்றாங்க. அது வேணாம்னுட்டேன். ரெண்டாவது கனடா. குவாட்டர்பேக்காவே எடுத்துக்கறாங்க. என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. மே மாசமே வரணும்."

"சரி. மூணாவது?"

"பெரிய லீக். வடக்க ஒரு டீம்." அந்தப் பெயரைச் சொன்னபோது அவன் குரலில் ஏதோ ஒன்று ஏறியது. பத்து வயதில் எங்கள் தொலைக்காட்சி முன்னால் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தவன்தான்.

"என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"அங்க இருக்கற தலைமைக் கோச், ஹாலிஸ் கோச்கிட்ட வேல கத்துக்கிட்டவராம். சின்ன வயசுல அவர் வீட்டு சோஃபாவுலதான் படுத்துக் கெடந்தாராம்." கோல்பி அவன் பக்கத்தில் நின்று மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தான். "ஜூன் மாசக் கூட்டத்துல நான் ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லணுமாம். டெஸ்ட்ல ஏமாத்தறது பசங்களோட வேல, கோச்சுக்கு அது தெரியாதுன்னு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கலாமாம்."

"மத்தது என்னடா இருக்கு, அத எடுத்துட்டா?"

"சார்..."

"கோச்சுக்குத் தெரியாதுன்னா என்ன அர்த்தம்? என் மகன் தானா மார்க்கக் கொறச்சுக்கிட்டான், தானா உள்ள போனான், தானா மண்டைய ஒடச்சுக்கிட்டான். அதான?"

"நான் சொல்லிக்குடுத்தேன்னு சொல்லிக்கறேன். பழிய நான் வாங்கிக்கறேன்."

"உன் பழி யாருக்குடா வேணும்? கோச்சுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தலையைக் குனிந்தான். "தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நான் சொன்னதால கோல்பிக்கு என்ன சார் மாறிச்சு?" என்றான். "அவனுக்கு ஞாபகம் திரும்பிருச்சா? என் அம்மாவுக்குப் பக்கத்துல ஒக்கார ஆள் இல்ல. நான் எறியறது உங்களுக்குத் தெரியும். என்னால அங்க ஆட முடியும் சார். கனடாவுக்குப் போனா அதோட போச்சு, திரும்பி எவன் கூப்பிடறான்? சின்ன வயசுலேர்ந்து இதத் தவிர நான் வேற எதுவும் செஞ்சதில்ல."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனால் ஆட முடியும். அதனால்தான் எனக்குக் கோபம் தாங்கவில்லை. திறமை இல்லாதவன் விலை போனால் காறித் துப்பிவிட்டுப் போகலாம்.

டார்லீன் மெதுவாகக் கேட்டாள். "எங்ககிட்ட எதுக்குக் கேக்கற? எங்க சம்மதமும் அவங்களுக்கு வேணுமாமா?"

"இல்ல டார்லீனம்மா. எனக்குத்தான் வேணும்."

"சம்மதம் கெடையாது" என்றேன். "தடுக்கவும் மாட்டேன். உன் வாய், உன் பிழைப்பு. ஆனா ஒண்ணு. அந்த வார்த்தைய சொல்றதா இருந்தா இவன் முன்னால சொல்லு. கூட்டத்துக்கு இவனக் கூட்டிட்டு வருவேன். அவன் ஒக்காந்திருக்கறப்ப சொல்லு பாக்கலாம்."

டால்டன் எழுந்து போனான். தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. கோல்பி வாசல்வரை அவன் இடது பக்கமே நடந்துபோனான். "அன்னிக்கு ஜெயிச்சமாடா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பதில் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

மே மாதம் முழுவதும் அவன் கனடாவுக்குப் போய்விட்டானா என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். தீவனம் இறக்குகிற ஒவ்வொரு பண்ணையிலும் கேட்டேன். போயிருந்தால் அவன் சொன்னது சொன்னபடியே நிற்கும், அவனுக்கும் ஒரு மைதானம் இருக்கும். போகவில்லை, ஊரில்தான் இருக்கிறான் என்றார்கள். சர்ச்சில் பாலெட்டுக்குப் பக்கத்தில் மறுபடி ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இருந்தாலும் நம்பினேன். அவன் வாயை நம்பினேன். சபை நடுவில் எழுந்து பாஸ்டரை நிறுத்தச் சொன்ன வாய் அது.

ஜூனில் பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபத்தில் கூட்டம். குழுவினர் எதிரே நீள மேசையில். ஒரு பக்கம் கோச் ஹாலிஸ், மனைவி, வக்கீல். பின்னால் நாங்கள், ஊர். ஊர் என்றால் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற அளவுக்கு. பாலெட்டின் புல்வெளிக்கு வழி தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த மண்டபத்துக்கு வழி தெரிந்திருந்தது. டால்டன் புது கோட் போட்டு வந்தான். எங்கள் பக்கம் திரும்பவில்லை. மைக் முன்னால் போய் நின்றான். குழுத் தலைவர் கேட்டார்.

"பரீட்சையில் நடந்த ஏமாற்று வேலை பயிற்சியாளருக்குத் தெரியுமா?"

டால்டன் தண்ணீர் குடித்தான். மறுபடி குடித்தான்.

"இல்ல சார். கோச்சுக்குத் தெரியாது. பசங்களா பண்ணிக்கிட்டதுதான்."

சுவரோரத்திலிருந்து ஒருத்தன் கை தட்டினான். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். கோச் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். என்ன நடிப்பு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களாலேயே ஊகிக்க முடியும். கோச் மீது குற்றமில்லை என்று தீர்ப்பு. அவர் இங்கே திரும்பக்கூட இல்லை. பக்கத்து மாநிலத்தில் இதைவிடப் பெரிய வேலைக்குப் போனார். அங்கேயும் ஆகஸ்டில் கம்ப்யூட்டர் முன்னால் பையன்கள் உட்காருவார்கள். வடக்கத்திய அணி டால்டனை முகாமில் வைத்துக்கொண்டு, மற்ற குவாட்டர்பேக்குகளின் தோள் வலிக்காமல் இருக்கப் பயிற்சியில் எறிய வைத்தது. ஆட்டத்தில் ஒரு தடவைகூட இறக்கவில்லை. ஆகஸ்டு முடிகிற வாரம் ஒருத்தன் வந்து தோளைத் தட்டி, பெட்டியைக் கட்டச் சொன்னான். அவர்கள் வாங்க வேண்டியது அந்த ஒரு வாக்கியம். அது ஜூனிலேயே கைக்கு வந்துவிட்டது. கனடாவில் சீசன் பாதி முடிந்திருந்தது, இடமில்லை என்றார்கள். லைல் போனை எடுப்பதை நிறுத்தினான். சர்ச்சில் பாலெட்டுக்குப் பக்கத்து இடம் மறுபடி காலியானது.

இப்போது ஏரி ரோட்டில் ஒரு சொந்தக்காரனிடம் பழைய படகுகள் விற்கிறான். உண்மையைச் சொன்னபோது அவனைத் துரோகி என்றவர்கள், அதை மாற்றிச் சொன்னதற்காக இப்போது கோழை என்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் லாபம். டார்லீன் அந்த நீலத் தட்டைத் தூக்கி எறியவில்லை. நாய்க்கு வைக்கிறாள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். அந்த மண்டபத்தில் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஷூ லேஸ் கட்டினவன் ஆகிவிடுவேன்.

அவன் முன்னால் சொல்லட்டும் பார்க்கலாம் என்ற வீம்பில்தான் கோல்பியைக் கூட்டிப்போனேன். வெளிச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். டால்டன் மைக் முன்னால் போய் நின்றானே, அப்போது கோல்பி எழுந்தான். நான் கையைப் பிடிப்பதற்குள், எங்களுக்கு முன்னால் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிவிட்டான். காவல்காரன் கையை நீட்டினான். தலையில் ஓடுகிற தழும்பைப் பார்த்து விலகிக்கொண்டான். கோல்பி நேராகப் போய் டால்டனின் இடது பக்கம் நின்றான். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி நின்றான். அந்தப் பக்கம்தான் கோச் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தபடியே நின்றான், எவன் வந்தாலும் தடுக்கிற மாதிரி.

டால்டன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை, அங்கே நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் குடித்தது அதனால்தான். கோல்பி அங்கே நிற்கும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான். சொல்லிவிட்டு அங்கிருந்து போகாமல் மைக் இருந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைதட்டல் ஓய்ந்தது. மண்டபத்தில் எல்லோரும் என் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போனேன். தோளைத் தொட்டேன்.

"வாடா கோல்பி. முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்."

அவன் கோச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையையும் இறக்கவில்லை.

"இருங்கப்பா" என்றான். "அவன் இன்னும் பந்த எறியல."